வெயில் வெளுத்த சுவரை ஓவியரின் குற்றமாக எழுதாதீர்கள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் தெருச் சுவர்களில் ஓவியம் வரைய அனுமதியும் நிதியும் வழங்கும் குழுவினருக்கு,

லெபோ பசார் தெருவுக்குப் பின்புறச் சந்தில் உள்ள பூக்கட்டும் பாட்டியின் ஓவியத்தை இம்மாத இறுதிக்குள் வெள்ளையடித்து மறைக்கப் போவதாக நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. 'தரக்குறைவான வேலைப்பாட்டினால் நிறம் மங்கிவிட்டது' என்ற ஒரே வரிதான் அதில் காரணமாகத் தரப்பட்டிருந்தது. அந்த ஓவியத்தை வரைந்தவன் நான். அந்த வரியை ஏற்க என்னால் முடியவில்லை. அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், அதே சுவரில் அதே நிபந்தனைகளோடு புதிய ஓவியம் ஒன்றுக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் இருப்பது எனக்குப் பின்னால் அந்தச் சுவரில் ஏறப்போகிறவருக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியதால் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினேழு வயதில் சித்தப்பாவின் கடையில் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கியவன் நான். கடைப் பலகைகள், லாரிக் கதவுகள், கோயில் வாகனங்கள், திருவிழாத் தட்டிகள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூரிகையோடுதான் இருக்கிறேன். வெயிலில் நிற்கப்போகும் பலகை என்றால் சித்தப்பா பளிச்சென்ற சிவப்பைத் தொடவிடமாட்டார். "சிவப்பை நம்பாதே, காவியை நம்பு" என்பார். அது ஏன் என்று அவருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் பத்து ஆண்டு கழித்து எந்தப் பலகையில் எழுத்து நிற்கும் என்பது தெரியும். அந்த அறிவோடுதான் உங்கள் சுவருக்கும் வந்தேன்.

ஓவியம் எப்படி மங்கியது என்பதை மாதக் கணக்கோடு சொல்கிறேன், ஏனெனில் மங்கிய விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. முதலில் போனது பாட்டியின் மடியில் குவிந்திருந்த செவ்வந்திப் பூக்களின் மஞ்சள். எட்டாவது மாதத்தில் அது மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்து உதட்டிலும் கன்னத்திலும் இருந்த செம்மை இறங்கியது. ஓராண்டுக்குப் பிறகு முகம் முழுவதும் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியத் தொடங்கியது. ஆனால் சேலையின் நீலம் அப்படியே இருந்தது. கரையில் நான் இழுத்த காவிக் கோடு அப்படியே இருந்தது. கண் இமையின் கறுப்பும் அப்படியே இருந்தது. ஒரே நாளில், ஒரே சாரத்தில் நின்று, ஒரே கையால், ஒரே சுவரில் பூசியவை இவை. வேலைப்பாடு தரக்குறைவாக இருந்திருந்தால் எல்லா நிறமும் சேர்ந்தல்லவா போயிருக்க வேண்டும்? அந்த ஓவியத்துக்கு மாதிரியாக உட்கார்ந்த பாட்டியின் பேத்தி இருபதாவது மாதத்தில் என்னிடம் வந்து, "அண்ணே, எங்க பாட்டி முகம் செத்துப்போனவங்க முகம் மாதிரி ஆயிடுச்சு" என்றாள். பாட்டி இன்னும் உயிரோடு, அதே தெருவில் பூக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தச் சந்து வழியாகப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இதே மாற்றத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் படங்களில் மனிதர்கள் எல்லாரும் நீலமாகத்தான் இருப்பார்கள். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் பலியாகி, நீலமும் கறுப்பும் மிஞ்சுவதுதான் காரணம். தரையை வந்தடையும் சூரிய ஒளியில் 290 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்கள் உள்ளன. கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பையே அறுக்கும் ஆற்றல் அவற்றின் ஒரு பகுதிக்கு உண்டு. பெயிண்டில் நிறம் தரும் நிறமியும், அதைச் சுவரோடு பிடித்துவைக்கும் பசையும் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. வெயில் இரண்டையும் தனித்தனியாகத் தாக்குகிறது. நிறமியின் மூலக்கூறு உடைந்தால் நிறம் வெளுக்கும். பசை உடைந்தால் நிறமித் துகள்கள் பிடிமானம் இழந்து, கையை வைத்தால் உள்ளங்கையில் மாவு போல் ஒட்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், சூடு மூன்றும் இந்த அழிவை விரைவுபடுத்துகின்றன. நம் ஊரில் மூன்றுக்கும் குறைவில்லை.

எல்லா நிறமியும் ஒன்றல்ல. காவி என்று நாம் சொல்லும் இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனேற்றத்தை முன்பே முடித்துவிட்ட கனிமம். வெயிலுக்கு அதனிடம் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. செம்பு அணுவை நடுவில் தாங்கிய தாலோசயனின் நீலமும் பச்சையும் கரிமச் சேர்மங்களாக இருந்தும் மிக உறுதியானவை. விலை குறைந்த பளிச்சென்ற மஞ்சள்களும் சிவப்புகளும் பெரும்பாலும் அசோ எனும் செயற்கைக் கரிம நிறமி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பல வெயிலில் நெடுநாள் நிற்கமாட்டா. அவற்றை வெள்ளையோடு எவ்வளவு அதிகமாகக் கலக்கிறோமோ அவ்வளவு விரைவாக வெளுக்கும். மனித முகத்தின் நிறத்தை மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றையும் கலந்துதான் எடுக்கிறோம். ஆகவேதான் எந்தத் தெரு ஓவியத்திலும் முகம் முதலில் இறக்கிறது. இந்த வேறுபாட்டை அளக்க நீலக் கம்பளி அளவுகோல் என்று 1 முதல் 8 வரை ஓர் அளவு இருக்கிறது. ஒளிர் (ஃபுளோரசன்ட்) நிறங்கள் அதன் கீழ்ப்படிகளிலும், இரும்பு ஆக்சைடுகள் உச்சியிலும் நிற்கும். எந்த நிறமி என்பதைச் சொல்லும் குறியீடும் உலகெங்கும் ஒன்றே. பி.ஒய். (பிக்மென்ட் யெல்லோ) 74 என்றால் ஒரு வகை அசோ மஞ்சள், பி.ஒய். 184 என்றால் பிஸ்மத் வனடேட் மஞ்சள், பி.ஆர். (பிக்மென்ட் ரெட்) 101 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு. டின்னின் பெயர்ச்சீட்டில் 'சூரிய மஞ்சள்' என்று எழுதியிருப்பதால் எதுவும் தெரியாது. அந்தக் குறியீடுதான் ஓவியத்தின் ஆயுளைச் சொல்லும்.

இதை வெறும் படிப்பாகச் சொல்லவில்லை. பாட்டியின் முகம் மாறத் தொடங்கியபோது, மீதமிருந்த டின்களிலிருந்து பன்னிரண்டு நிறங்களைச் சிமெண்டுப் பலகை ஒன்றில் பட்டைகளாகப் பூசி, ஒவ்வொரு பட்டையின் பாதியையும் துத்தநாகத் தகட்டால் மூடி, என் வீட்டு மாடியில் மேற்குப் பார்த்து ஆணியடித்தேன். அதை ஓராண்டு அங்கேயே விட்டிருந்தேன். ஒளிர் இளஞ்சிவப்பு மூன்று மாதத்தில் சுவடில்லாமல் போனது. நீங்கள் வாங்கித் தந்த மஞ்சளில் வெள்ளை கலந்த பட்டை ஏழாம் மாதம் தகட்டுக்கு அடியில் ஒரு நிறமும் வெளியே வேறு நிறமுமாகப் பிரிந்துவிட்டது. நான் என் கைக்காசில் வாங்கிச் சேர்த்திருந்த காவி, மஞ்சள் இரும்பு ஆக்சைடு, நீலம், பச்சை ஆகியவற்றில் தகட்டை எடுத்த பிறகும் கோடு எங்கே விழுந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பலகை இப்போதும் என்னிடம் இருக்கிறது. உங்கள் அலுவலக மேசையில் கொண்டுவந்து வைக்கத் தயாராக இருக்கிறேன்.

அடுத்தது சுவர். வேலை தொடங்குமுன் உங்கள் அதிகாரி ஒருவர் சந்துக்கு வந்து பார்த்தார். காலை ஒன்பது மணி. சுவர் முழுவதும் நிழல். "இங்கே வெயில் தொல்லை இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அது மேற்குப் பார்த்த சுவர் என்பதையும், எதிரே உயரமான கட்டடம் எதுவும் இல்லை என்பதையும் நான் சொன்னேன். 1982ஆம் ஆண்டு மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. அதற்குப் பிறகு மாலை ஆறரை வரையிலும் மேற்குச் சுவரில்தான் வெயில் விழும். பினாங்கு வட அகலக்கோடு ஐந்தரைப் பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. வானம் தெளிந்த நண்பகல்களில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அது மிக உச்ச நிலை. இங்கே வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் ஆண்டில் பாதிக் காலம் நேர்வெயில் மிகக் குறைவு. கிழக்குக்கும் மேற்குக்கும் அந்த ஓய்வு கிடையாது. மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்து எடுக்க முடியாது. அப்படிச் சுட்ட சுவரில் ஐந்து மணிக்கு மழை கொட்டும்போது பூச்சு விரிந்து சுருங்கி நுண்ணிய வெடிப்பு விடுகிறது. காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தவருக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. மாலையில் ஒரு முறை வாருங்கள் என்று அன்றே கேட்டேன். யாரும் வரவில்லை.

பெயிண்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். மிகக் குறைந்த விலைப்புள்ளி தந்த கடையிலிருந்து நீங்களே வாங்கி அனுப்பினீர்கள். டின்களில் நிறமிக் குறியீடு இல்லை. இரண்டு டின்கள் உட்புறச் சுவருக்கானவை. வெளிச்சுவருக்கான தூய அக்ரிலிக் எமல்ஷனும், பிஸ்மத் மஞ்சளும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். மஞ்சளின் விலை பல மடங்கு என்பதால் மறுத்தீர்கள். பாட்டியின் முகத்துக்கும் பூக்களுக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது இரண்டு லிட்டருக்கும் குறைவு. சாரத்துக்கும் திறப்பு விழாப் பந்தலுக்கும் ஆன செலவை நினைத்துப் பார்க்கும்போது அந்த மறுப்பு இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

புதிய ஓவியத்துக்கான நிபந்தனைகளில், ஓவியத்தின் மேல் நிறமற்ற, பளபளப்பான தெளிபூச்சு (வார்னிஷ்) இரண்டு முறை பூச வேண்டும் என்று சேர்த்திருக்கிறீர்கள். வெளுப்பதற்கு இதுவே மருந்து என்று யாரோ சொல்லியிருக்கக் கூடும். சிமெண்டுச் சுவரில், புற ஊதாவை உறிஞ்சும் சேர்மங்களும் பசை உடைவதைத் தடுக்கும் நிலைப்படுத்திகளும் கலந்த நல்ல தெளிபூச்சு சில ஆண்டுகள் கூடுதலாகத் தரும், அதை மறுக்கவில்லை. நம் பழைய கடைவீடுகளோ செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற்றதும் இந்தக் கட்டடங்களை நம்பித்தான். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பு வழியாக ஆவியாக்கும். அதுவே அதன் மூச்சு. கடற்கரை ஊர் என்பதால் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறிவரும். மேலே கண்ணாடி போன்ற படலத்தைப் பூசி அடைத்தால் ஈரம் பின்னால் தேங்கி, உப்பு பூத்து, ஓவியத்தைச் சாந்தோடு சேர்த்துத் தள்ளிவிடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு தெருவில் என் நண்பரின் ஓவியத்துக்கு இப்படித் தெளிபூச்சு பூசும்படி சொன்னார்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் பெய்த மழை முடிந்தபோது அது வாழைமட்டை உரிவது போல் பாளம் பாளமாக உரிந்து சுவரடியில் விழுந்தது. வெளுத்த ஓவியத்தை மீட்கலாம். உரிந்ததை மீட்க வழியில்லை.

மூச்சுவிடும் சுவருக்கு ஏற்ற பெயிண்டு உலகில் இல்லாமல் இல்லை. பொட்டாசியம் சிலிக்கேட்டைப் பசையாகக் கொண்ட கனிமப் பெயிண்டுக்கு ஜெர்மனியில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இலேயே காப்புரிமை பெற்றார். அது சுவரின் மேல் தோலாகப் படியாமல் சாந்தோடு வினைபுரிந்து கல்லாகவே இறுகிவிடும்; பசை வெயிலில் உடையும் பேச்சே இல்லை. நிறங்களின் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், புதிய பயிற்சியும் தேவை. ஆனாலும் ஒரு சுவரிலாவது முயன்று பார்க்கலாமே.

நம் முன்னோர் இதை வேறு வழியில் தீர்த்துவைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுப் பாதையில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நின்றதற்குக் கனிம நிறங்களும், வெயில் நுழையாத இருட்டும், மேலே தீட்டப்பட்டிருந்த நாயக்கர் கால ஓவியங்களின் மறைப்பும் துணை. ஆனால் வெயிலில் நிற்கும் கோபுரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதை அறிந்தே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்று வைத்து, அதற்கு முன் வண்ணம் தீட்டுவதைத் திருப்பணியின் பகுதியாக்கினார்கள். லெபோ குயினில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் கோபுரத்தைப் பாருங்கள். அதன் வண்ணம் மங்கும்போது முன்பு தீட்டியவரைக் குற்றம் சொல்லி யாரும் கோபுரத்தை வெள்ளையடிப்பதில்லை. நாள் குறிக்கிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள், சாரம் கட்டுகிறார்கள். உங்கள் ஓவியத் திட்டத்தில் திறப்பு விழாவுக்குத் தேதி இருக்கிறது. திருப்பணிக்குத் தேதியும் இல்லை, தனி நிதியும் இல்லை.

தெரு ஓவியம் என்றாலே அழியத்தான் வேண்டும், அதுவே அதன் இயல்பு என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது மதிக்கத்தக்க கருத்து. பல ஓவியர்கள் அப்படி நினைப்பதும் உண்டு. லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஜகாரவிச் 2012இல் லெபோ ஆர்மேனியனில் மிதிவண்டியில் போகும் இரு பிள்ளைகளை வரைந்த பிறகுதான் இந்த ஊரின் சுவர்களைத் தேடி உலகம் வந்தது. அந்தச் சுவருக்கும் வெயில் சலுகை காட்டப்போவதில்லை. ஓவியம் சில ஆண்டுகளுக்குத்தான் என்று நீங்கள் முடிவுசெய்தால், அதை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நாங்களும் அதற்கேற்ப வரைவோம். ஐந்தாண்டு உத்தரவாதத்தை ஓவியரிடம் எழுதி வாங்கிவிட்டு, அதற்குரிய நிறமியையும் பராமரிப்பையும் மறுத்துவிட்டு, மங்கிய பிறகு அழிவுதான் இயல்பு என்று சொல்வதை ஏற்க முடியாது. சுற்றுலாப் பயணிகளின் படங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பூக்கட்டிப் பிழைத்த ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம் இந்த ஊரின் பொதுச் சுவரில் இடம்பெற்றது என்பதுதான். அவர் கண்முன்னே அதை வெள்ளையடிப்பது அவரிடம் என்ன சொல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, வெள்ளையடிக்கும் முடிவை நிறுத்திவையுங்கள். அந்த ஓவியத்தில் கோடுகளும் நீலமும் கறுப்பும் காவியும் முழுதாக இருக்கின்றன. முகத்தையும் பூக்களையும் மட்டும் இரும்பு ஆக்சைடுகளும் பிஸ்மத் மஞ்சளும் கொண்டு மீட்டுத் தர என்னால் முடியும். என் கூலியை நான் கேட்கவில்லை. பெயிண்டும் சாரமும் தந்தால் போதும். கடிதத்தில் 'தரக்குறைவான வேலைப்பாடு' என்று எழுதிய வரியை எழுத்திலேயே திரும்பப் பெறுங்கள். அந்த வரி கோப்பில் இருக்கும்வரை எனக்கு மட்டுமன்றி என்னிடம் வேலை கற்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த ஊரில் சுவர் கிடைக்காது.

இனிவரும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் பெயிண்டின் நிறமிக் குறியீடும் பசையின் வகையும் குறிக்கப்பட வேண்டும், அதன் நகல் உங்கள் கோப்பிலும் இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதைத் திருத்த வருபவருக்கு அந்தத் தாள் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. சுவரைத் தேர்ந்தெடுக்குமுன் காலையிலும் மாலையிலும் ஒரு முறையாவது நேரில் பார்த்து, திசை எது, சுண்ணாம்பா சிமெண்டா, ஈரம் ஏறுகிறதா என்பதை எழுதுங்கள். முகங்கள் உள்ள ஓவியங்களுக்கு இயன்றவரை வடக்கு அல்லது தெற்குச் சுவரைக் கொடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் தெளிபூச்சைக் கட்டாயமாக்கும் நிபந்தனையை உடனே நீக்குங்கள். ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, இரண்டாம் ஆண்டில் கழுவிப் பாசி நீக்கவும், நான்காம் ஆண்டில் நிறம் திருத்தவும் பயன்படுத்துங்கள்.

வெள்ளையடிக்க நீங்கள் குறித்திருக்கும் நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு மாலை நான்கு மணிக்கு உங்கள் குழுவினர் அந்தச் சந்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் சிமெண்டுப் பலகையோடு நான் அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
அந்தச் சுவரை வரைந்தவன்
ஜார்ஜ் டவுன், பினாங்கு